உடைவதற்கென்றே செய்த கண்ணாடி

(கிழக்குத் தாம்பரத்தில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, கார்க் கண்ணாடியை உடைத்துத் திருடுவது. தலைப்பைக் கேட்டதுமே ஒரு நண்பர், "சார், பாடம் எடுக்கப் போறது எங்களுக்கா, திருடனுக்கா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. திருடனுக்கு இந்தப் பாடம் எப்போதோ முடிந்துவிட்டது. படிக்காமல் இருப்பது நாம்தான்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஓட்டல் வாசலில் காரை நிறுத்துகிறோம். சாவியை அமுக்குகிறோம், "கீக் கீக்" என்று சத்தம் வருகிறது. சந்தேகப் பேர்வழிகள் கைப்பிடியை ஒருமுறை இழுத்தும் பார்க்கிறோம். பூட்டிவிட்டோம் என்ற நிம்மதியோடு உள்ளே போய் இட்லி சாப்பிடுகிறோம். எதைப் பூட்டினோம்? இரும்பைப் பூட்டினோம். அந்த இரும்புக்கு நடுவே நாலு பக்கமும் நாலு மில்லிமீட்டர் கனத்துக்குக் கண்ணாடி நிற்கிறதே, அதை யார் பூட்டினார்கள்? திரும்பி வந்து பார்த்தால் பின்கதவில் கண்ணாடி இல்லை. சீட்டில் வைத்த லேப்டாப் பை இல்லை. சீட்டு முழுக்கக் கற்கண்டு கொட்டியது போலக் கண்ணாடித் துண்டுகள்.

உடனே வாயில் வருவது என்ன? "என்ன கண்ணாடி போடுறானுங்க, ஒரு தட்டுத் தட்டினா கொட்டிடுது!" கண்ணாடியைத் திட்டாதீர்கள் நண்பர்களே. அது தன் கடமையைத்தான் செய்தது. உடைய வேண்டும், உடைந்தால் இப்படித்தான் உடைய வேண்டும் என்று சொல்லித்தான் அதைச் செய்து அனுப்பினார்கள். எப்படி என்று சொல்கிறேன்.

காரில் இரண்டு ஜாதிக் கண்ணாடி உண்டு. முன்னால் இருப்பது ஒன்று, பக்கவாட்டில் இருப்பது வேறு. முன்கண்ணாடி உண்மையில் இரண்டு கண்ணாடிகள். நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டியிருப்பார்கள். லாரியின் டயரிலிருந்து கல் தெறித்து அடித்தால் சிலந்தி வலையாக விரிசல் ஓடும், ஆனால் இடத்தைவிட்டு நகராது. எதுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் கண்ணாடிக் குடுவை ஒன்று கீழே விழுந்து, விரிந்தும் சிதறாமல் நின்றதாம். உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த ஒரு படலம் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. அதிலிருந்து பிறந்த யோசனைக்கு 1909-இல் அவர் காப்புரிமை வாங்கினார்.

பக்கக் கண்ணாடி வேறு பிறவி. முதலில் அளவுக்கு வெட்டி, துளை போட வேண்டிய இடத்தில் துளை போட்டு, ஓரத்தைத் தேய்த்துவிடுவார்கள். பிறகு 600 டிகிரிக்கு மேலே சூடேற்றி, வெளியே எடுத்த கையோடு இரண்டு பக்கமும் குளிர்காற்றைப் பலமாக அடிப்பார்கள். வெளித்தோல் சட்டென்று இறுகிவிடும். உள்ளே இன்னும் சூடு. அந்த உள்பகுதி பிறகு ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது, ஏற்கெனவே இறுகிப்போன தோல் இடம் கொடுக்காது. ஆகவே தோல் நெருக்குண்டும், உள்ளே இழுபட்டும், காலமெல்லாம் ஒரு மல்லுக்கட்டிலேயே அந்தக் கண்ணாடி நிற்கிறது. இந்த மல்லுக்கட்டுதான் அதன் பலம். சாதாரணக் கண்ணாடியைப் போல நாலைந்து மடங்கு தாங்கும். கையால் குத்தினால் கைதான் வீங்கும். செங்கல்லே சில சமயம் பட்டுத் தெறித்துப் போகும்.

அப்படியானால் எப்படி உடைகிறது? இந்த மல்லுக்கட்டை எங்கே கலைப்பது என்று தெரிந்தால் போதும். செங்கல் தன் பலத்தை அகலமாகப் பரப்பிவிடுகிறது. கடினமான, மிகச் சிறிய ஒரு முனை அதே பலத்தை ஊசிமுனை அளவு இடத்தில் இறக்குகிறது. நெருக்குண்ட தோலைத் தாண்டி விரிசல் உள்ளே எட்டிவிட்டால் கதை முடிந்தது. பூட்டி வைத்திருந்த இழுவிசை மொத்தமும் அவிழ்ந்து, விரிசல் நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் ஓடும். உங்கள் கதவுக் கண்ணாடியின் அகலம் ஒரு மீட்டர்கூட இல்லை. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் கண்ணாடியில் ஒரு மூலை மட்டும் உடைந்து மற்றது நிற்பதில்லை. இருந்தால் முழுதாக இருக்கும், இல்லாவிட்டால் முழுதாகக் கொட்டும்.

இதில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. உருக்கிய கண்ணாடியைச் சொட்டாகத் தண்ணீரில் விட்டால் தலை உருண்டையாகவும் வால் நீண்டும் ஒரு துளி கிடைக்கும். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலை விரலால் கிள்ளினால் மொத்தமும் பொடியாக வெடிக்கும். 1660-களில் ரூபர்ட் என்ற இளவரசர் இதை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்து இரண்டாம் சார்லஸ் மன்னருக்குக் காட்ட, லண்டன் ராயல் சொசைட்டி அறிஞர்கள் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். விடை தெளிவாகக் கிடைக்க முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1994-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்துச் சந்திரசேகரும் கேம்பிரிட்ஜின் சௌத்ரியும் அதிவேகக் கேமரா வைத்து, வாலில் கிளம்பும் விரிசல் தலைக்கு ஓடுவதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். அரசவை வேடிக்கையாக இருந்த அதே விஞ்ஞானம்தான் இன்று உங்கள் கார்க் கதவில் ஏறி இறங்குகிறது.

இப்போது திருடனின் கைக்கு வருவோம். அவன் கையில் என்ன இருக்கிறது? கடப்பாரையா? சம்மட்டியா? சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டும், சின்ன வயதில் நாமெல்லாம் மாங்காய் அடித்த உண்டிவில்லும். அவ்வளவுதான். வேறு சிலர் எஞ்சின் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் துண்டை வைத்திருப்பார்கள். அந்தப் பீங்கான் அலுமினாவால் ஆனது, கண்ணாடியைவிட மிகக் கடினம். கலிஃபோர்னியா மாநிலத்தில், திருடும் எண்ணத்தோடு அந்தத் துண்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தாலே குற்றம், சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறார்கள். சத்தம் கேட்காதா என்பீர்கள். கேட்கும். "டப்" என்று ஒன்று. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை நெரிசலில், குரோம்பேட்டை ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், அந்த "டப்"பைக் கேட்டு யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? காரின் அலாரம் கத்தாதா? பல வண்டிகளில் கதவு திறந்தால்தான் கத்தும். அவன் கதவைத் திறப்பதே இல்லையே!

2024 மார்ச் மாதம். குஜராத்தின் ஜாம்நகரில் அம்பானி வீட்டுத் திருமணத்துக்கு முந்தைய விழா. உலகத்துப் பணக்காரர்கள் எல்லாம் வந்திறங்கிய நேரம். அந்தக் கூட்டத்தை நம்பி நம்ம திருச்சிப் பக்கத்திலிருந்தும் ஒரு குழு கிளம்பிப் போனது. அங்கே பாதுகாப்பு பலமாக இருக்கவே, ராஜ்கோட்டில் ஒரு பென்ஸ் காரின் கண்ணாடியை உண்டிவில்லால் அடித்து, பத்து லட்சம் ரூபாயையும் லேப்டாப்பையும் எடுத்திருக்கிறார்கள். பிறகு டெல்லியில் ஐந்து பேர் பிடிபட்டார்கள் என்று செய்தி வந்தது. பென்ஸ் கார் நண்பர்களே! எத்தனை லட்சத்துக் கார், எத்தனை சென்சார், எத்தனை கேமரா! முன்னால் நின்றது ஒரு ரப்பரும் ஒரு குண்டும்.

அந்தச் செய்தியில் ஒரு ஊர்ப் பெயரும் வந்தது. நான் அதைச் சொல்லப் போவதில்லை. "அந்த ஊர்க்காரனா, அப்போ திருடன்தான்" என்று பேசும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரன் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று கொண்டு வந்தான். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குழந்தைக்கே திருடன் பட்டம். அதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூர் மக்கள் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பைக் கொடுத்தார்கள். சட்டம் 1947-இல் இங்கே ஒழிந்தது. நம் பேச்சில் இன்னும் ஒழியவில்லை. குண்டை விட்டவன் ஒருவன் என்றால் வழக்கு அந்த ஒருவன் மேல்தான். அவன் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வேலைக்கு மனுப் போடும்போது ஊர்ப் பெயரைப் பார்த்து முகம் சுளிப்பது திருட்டைவிடக் கேவலம். இதை இடைச்செருகலாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மறந்துவிடாதீர்கள்.

சரி, திருடன் கண்ணாடியைப் பார்த்தா வருகிறான்? இல்லை ஐயா! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதைப் பார்த்து வருகிறான். பையைப் பார்க்கிறான். பையை நாம் எப்படி வைக்கிறோம் என்பதையும் பார்க்கிறான். ஓ.எம்.ஆர். அலுவலகத்தை விட்டு வரும் வழியில் மேடவாக்கத்தில் காரை நிறுத்துகிறோம். இறங்கி, பின்சீட்டிலிருந்த லேப்டாப் பையை எடுத்து, அக்கம்பக்கம் பார்த்து, டிக்கியில் வைத்துப் பத்திரமாக மூடுகிறோம். எதிர்த்த டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு இதைவிட விளம்பரம் வேண்டுமா? பல கார்களில் டிக்கியைத் திறக்கும் நெம்புகோல் டிரைவர் சீட்டுக்குக் கீழேயே இருக்கிறது. முன்கதவுக் கண்ணாடியை உடைத்தவனுக்கு டிக்கி இலவசம். டிக்கியில் வைப்பதானால் அலுவலகத்தில் வண்டி எடுக்கும்போதே வைத்துவிட வேண்டும். இறங்கும் இடத்தில் டிக்கிப் பக்கமே போகக் கூடாது. அதைவிட நல்லது, தோளில் மாட்டிக்கொண்டு போவது. பாரம்தான். இரண்டு கிலோ பாரம்.

இன்னொரு பை இருக்கிறது. மஞ்சள் பை. வங்கியிலிருந்து எடுத்த பணம், சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் பணம். வங்கி வாசலில் ஒருவன் நிற்பான், பைக்கில் இன்னொருவன் பின்னாலேயே வருவான். வழியில், "சார், டயர்ல காத்து இறங்குது பாருங்க" என்பான். "ஐயா, உங்க பத்து ரூபா கீழே கிடக்குது" என்பான். பத்து ரூபாய்க்குக் குனிந்தவர் பத்து லட்சத்தை விட்டு நிமிர்வார். இதெல்லாம் காவல்துறை சுவரொட்டி ஒட்டிச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன செய்தி. அவர்கள் சுவரொட்டியில் போட முடியாத ஒன்றை நான் சொல்கிறேன். நிலம் வீடு விற்பதில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் சொல்கிறது. வாங்கினால் வாங்கிய தொகையே அபராதம். அப்படியும் பத்திரப் பதிவு நாளில் மஞ்சள் பை நடமாடுகிறதே, ஏன்? உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், திருடனுக்கும் தெரியும். அந்தப் பை பறிபோனவர் ஸ்டேஷனுக்குப் போய் எவ்வளவு என்று சொல்வார்? பதினைந்து லட்சத்தை மூன்று லட்சம் என்பார். சில பேர் போகவே மாட்டார்கள். புகார் கொடுக்கக் கூச்சப்படுகிற பணத்தைவிடத் திருடனுக்கு வசதியான பணம் எது?

கண்ணாடிக்குத் திரும்புவோம். கறுப்பு ஃபிலிம் ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது தெரியாதே, துண்டும் கொட்டாதே என்று ஒரு தம்பி முன்வரிசையில் முணுமுணுக்கிறார். சித்திரை வெயிலில் எனக்கும் ஆசைதான். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டுவதையே தடை செய்தது. முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே போக வேண்டும் என்பது விதி. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நடக்கும் குற்றங்களை நினைத்துச் செய்த தடை அது. பிறகு விதிகள் கொஞ்சம் மாறின, கேரள உயர் நீதிமன்றம் தரமான ஃபிலிமை அனுமதித்தது என்பதெல்லாம் வேறு கதை. ஜி.பி. ரோட்டில் ஃபிலிம் ஒட்டும் கடைக்காரர் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒட்டிவிட்டு, அடுத்த சிக்னலில் அபராதம் கட்டாதீர்கள்.

அப்படியானால் பக்கக் கண்ணாடியையும் முன்கண்ணாடி மாதிரி ஒட்டுக் கண்ணாடியாகப் போட்டால் என்ன? திருடன் திணறுவான் அல்லவா? திணறுவான். ஆனால் இங்கேதான் தாம்பரத்துக்காரர்களாகிய நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

2015 டிசம்பர் முதல் தேதியை இந்த அரங்கில் மறந்தவர் யாராவது உண்டா? அடுத்த நாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றுக்குள் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில் அடுக்குமாடி வாசலில் நின்ற கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக மிதந்து போனதை நாடே பார்த்தது. அந்தக் காருக்குள் ஆள் இருந்தால்? தண்ணீர் ஏறினால் வெளியிலிருந்து அழுத்தும் வெள்ளத்தை எதிர்த்துக் கதவைத் தள்ள முடியாது. மின்சாரம் போனால் பவர் விண்டோ இறங்காது. மிச்சமிருக்கும் ஒரே வாசல் பக்கக் கண்ணாடிதான். அந்த நேரத்தில் அது சட்டென்று கொட்ட வேண்டும், கொட்டும் துண்டு கழுத்தை அறுக்காமல் மழுங்கிய சில்லாக இருக்க வேண்டும். விபத்தில் நசுங்கிய காரிலிருந்து உங்களை வெளியே இழுக்கும் 108 ஊழியருக்கும் அதுதான் வாசல். திருடன் நுழையும் அதே வாசல்!

அமெரிக்காவில் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2019-இல் இதைச் சோதித்தது. கண்ணாடி உடைக்கும் ஆறு கருவிகளில் நாலு, நம்முடைய காரில் இருப்பது போன்ற பக்கக் கண்ணாடியை உடைத்தன. ஒட்டுக் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. ஆகவே காரில் ஒரு சின்னக் கூர்முனைச் சுத்தியல் வாங்கிக் கைக்கெட்டும் இடத்தில் மாட்டி வையுங்கள். நடுவில் அடிக்காதீர்கள், மூலையில் அடியுங்கள். முன்கண்ணாடியில் அடித்து நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் காரில் எந்த ஜாதி என்று தெரிய வேண்டுமா? கூட்டம் முடிந்து வெளியே போனதும் கதவுக் கண்ணாடியின் கீழ் மூலையில் குனிந்து பாருங்கள். பொடி எழுத்தில் ஐ.எஸ். 2553 என்ற தர எண்ணும், பக்கத்தில் 'டெம்பர்டு' அல்லது 'டஃபண்டு' அல்லது 'லேமினேட்டட்' என்ற சொல்லும் இருக்கும். இத்தனை வருஷம் துடைத்தோம், ஒருநாளாவது படித்தோமா?

உடைந்த பிறகு என்ன செய்வது? முதலில் சீட்டில் உட்காராதீர்கள், கையால் தட்டாதீர்கள். அப்படியே போட்டோ எடுங்கள். 100-க்கோ 112-க்கோ சொல்லுங்கள். எந்த ஸ்டேஷனுக்குப் போவது? 2021 நவம்பரில் ஐந்து நகராட்சியும் ஐந்து பேரூராட்சியும் சேர்ந்து நாம் மாநகராட்சி ஆனோம். 2022 ஜனவரி முதல் தேதி நமக்கென்று போலீஸ் கமிஷனரேட் வந்தது. ஆனாலும் கிண்டியில் உடைந்ததைத் தாம்பரத்தில் வந்து பார்த்தால், "இது எங்க எல்லை இல்லைங்க" என்ற பதில் எங்கேயாவது கிடைக்கத்தான் செய்யும். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. ஆன்லைனிலும் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டியது, கேட்டு வாங்குங்கள்.

இன்சூரன்ஸ்? கண்ணாடிக்கு உண்டு. லேப்டாப்புக்குக் கிடையாது, தனியாக அதற்கென்று பணம் கட்டியிருந்தாலொழிய. கண்ணாடிக்கும் அவசரப்பட்டுக் கிளெய்ம் போடாதீர்கள். ஐந்து வருஷம் கிளெய்ம் போடாமல் ஓட்டியவருக்குப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி இருக்கும். சாதாரணக் காரின் ஒரு கதவுக் கண்ணாடிக்காக அதை இழப்பது லாபமா என்று ஒரு காகிதத்தில் கூட்டிக் கழித்துப் பாருங்கள். செல்போனும் போயிருந்தால் அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து முடக்குங்கள். லேப்டாப்பின் சீரியல் எண்ணை இன்றைக்கு இரவே வீட்டில் எழுதி வையுங்கள். தொலைந்த பிறகு அந்த எண்ணைத் தேடினால் அது லேப்டாப்பின் அடியில்தான் ஒட்டியிருக்கும்!

கடைசியாக ஒன்று. எடுத்தவன் அந்த லேப்டாப்பை வைத்து என்ன செய்வான்? அவனா கணக்கு எழுதப் போகிறான்? விற்பான். எழுபதாயிரம் ரூபாய்ப் பொருள், பில் இல்லாமல், சார்ஜர் இல்லாமல், பத்தாயிரத்துக்கு நம்மில் ஒருவர் கைக்கு வரும். "தெரிஞ்ச பையன் கொடுத்தான் சார், நல்ல கண்டிஷன்" என்று பெருமையாகவும் சொல்வோம். பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டுக்கு 303-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் 317-ஆவது பிரிவில் அதே மூன்று ஆண்டு வரை. பழைய லேப்டாப் வாங்கும் பிள்ளைகள் இந்த ஊர்க் கல்லூரிகளில் நிறைய இருக்கிறார்கள். பில் கேளுங்கள். பில் இல்லை என்றால், திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு தெரியாது, முந்தைய ஆளின் பெயர் அப்படியே இருக்கிறது என்றால், அந்தப் பெயருக்குரியவர் இந்த வரிசைகளில் எங்கேயாவது உட்கார்ந்திருக்கலாம்.

நேரம் கொடுத்த செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள், ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.